எயினி ஏறத் தயங்கிய வாசல்

மழை பிழையாத மருதவாயில் மாநகரிலிருந்து, வேள்புனல் நாட்டின் ஒன்பது ஆற்றுத்துறைகளுக்கும் இறைவியாகிய செங்காந்தள் மாதேவியார், தென்கடல் ஓரத்து நெய்தல்வாயிலில் புதிதாக எழும் கல்விச்சாலையின் தலைவர், பன்னூல் கற்ற அருஞ்சாத்தனார்க்கு விடுக்கும் ஓலை. நும் துறையில் கலங்கள் கரை தவறாதிருக்க. நும் சாலையில் ஐயம் கேட்கும் குரல் ஓயாதிருக்க.

புதுச்சாலையின் வரைபடம் எம் கைக்கு வந்தது. மாணாக்கர்க்கு உதவும் துணைச்சாலையை வடமதிலுக்குப் பின்னே, எவர் கண்ணிலும் படாத இடத்தில் கட்டக் கருதியுள்ளதாகவும், நாணம் உடையோர் மறைவாக வந்து போக அதுவே ஏற்றது என்றும் எழுதியிருந்தீர். நும் கருணையை யாம் அறிவோம். ஆயினும் விடை சொல்லுமுன், சில ஆண்டுக்கு முன் மழைக்காலத்தில் தண்கரைக் கல்விச்சாலையில் நிகழ்ந்ததை உள்ளபடியே எழுதுவிக்கிறோம்.

தண்கரையில் துணைச்சாலைக்குப் பொறுப்பாளர் மாசாத்தி. அரண்மனை எழுத்துமண்டபத்தில் பன்னிரண்டு ஆண்டு பணியாற்றியவர். ஒரு சுழி பிசகினாலும் ஓலையைத் திருப்பி அனுப்புகிறவர். அவர் பொறுப்பேற்றபின் அந்த வீடு கண்ணாடி போல் ஆயிற்று. காய்ச்சலில் விழுந்தவர்க்கு மருந்து உண்டு. ஏடு வாங்க வழியில்லாதவர்க்கு இரவல் ஏடு உண்டு. அயல்மொழி பேசி வந்தவர்க்குச் சொற்பொருள் விளக்குவோரும், கண் மங்கியவர்க்கு வாசிப்போரும், செவி மங்கியவர்க்கு எழுதித் தருவோரும், மனம் குழம்பியவர் சொல்வதைக் குறுக்கிடாமல் கேட்பதற்கென்றே இருவரும் உண்டு. வாசலுக்கு மேலே, சாப்பாட்டு மண்டபத்திலிருந்து பார்த்தாலே தெரியும்படி, 'குறையுடையோர்க்கு உதவும் இல்லம்' என்று பொன்னெழுத்தில் பொறித்து வைத்ததும் அவரே. இவ்வளவு இருந்தும் வருவோர் சிலரே. தேவைப்படுவோர் அவ்வளவுதான் போலும் என்று மாசாத்தி மனம் அமைந்திருந்தார்.

அந்தச் சாலையில் ஒரு விதி உண்டு. நாற்பது நாள் பாடத்துக்கு வாராத மாணாக்கரின் பெயர் ஏட்டிலிருந்து நீக்கப்படும். நீக்குமுன், 'இவர் கேட்ட உதவி எதுவும் மறுக்கப்படவில்லை' என்று துணைச்சாலைப் பொறுப்பாளர் முத்திரை வைக்க வேண்டும். கார்த்திகைத் தொடக்கத்தில் அப்படி ஓர் ஓலை மாசாத்தியிடம் வந்தது. பெயர் எயினி, ஊர் தேன்வரை மலை, பயில்வது மருத்துவம், மூன்றாம் ஆண்டு. முதல் இரண்டு ஆண்டும் முன்வரிசையில் நின்றவள். இன்னும் மூன்று நாளில் அவளுக்கு நாற்பது நிறையும்.

எழுத்தில் பிழை இல்லை. அவள் எதையும் கேட்கவில்லை, ஆகவே எதுவும் மறுக்கப்படவில்லை. அரக்கை உருக்கி முத்திரையைக் கையில் எடுத்த மாசாத்திக்கு ஏனோ கை இறங்கவில்லை. முன்வரிசையில் இருந்தவள் ஒரு சொல்லும் சொல்லாமல் எழுந்து போவாளா என்று தோன்றிற்று. முத்திரையைப் பெட்டியில் வைத்துவிட்டு உடன்பயில்வோரை அழைத்து விசாரித்தார்.

அவர்கள் தயங்கித் தயங்கிச் சொன்னது இது. ஆசிரியர் வேளாதனார் ஒருநாள் எயினியிடம் ஒரு வினாவை மும்முறை கேட்டார். அவள் தலை நிமிராமல் எழுதிக்கொண்டே இருந்தாள். செருக்கென்று எண்ணிய ஆசிரியர் வெளியே போகச் சொன்னார். அதற்கும் அவள் அசையவில்லை. வகுப்பு முழுதும் சிரித்தது. சிரிக்கும் முகங்களைக் கண்ட பின்னரே, தன்னைப் பற்றி ஏதோ நடந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. மறுநாள் முதல் அவள் வரவில்லை. ஆற்றுக்கு அக்கரையில் கயிறு திரிக்கும் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள்.

மாசாத்தி அன்றே படகேறினார். கொட்டகை வாசலில் நின்று பெயர் சொல்லி அழைத்தார். எல்லோரும் திரும்பினர், எயினி திரும்பவில்லை. தோளைத் தொட்டபின்தான் துணுக்குற்று எழுந்தாள். மாசாத்திக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவளை ஆற்றங்கரைக்கு அழைத்துச் சென்று, மணலில் விரலால் எழுதிக் கேட்டார். எயினி வாயால் விடை சொன்னாள். வேனிற்காலத்துக் காய்ச்சலில் செவி போயிற்று என்றாள். உதடு பார்த்துச் சமாளித்தாளாம். உடன்பயில்வோர் ஏட்டை எட்டிப் பார்த்துச் சமாளித்தாளாம். தலை குனிந்தால் மட்டும் உலகமே அற்றுப்போகும்.

வினாக்களை எழுதித் தருவோர் துணைச்சாலையில் இருக்கையில் ஏன் வரவில்லை என்று மாசாத்தி எழுதினார். எயினி அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"வந்தேங்க, மூணு தடவை. படி வரைக்கும் வந்தேன். மேல எழுதியிருக்கே, குறையுடையோர்னு. சாப்பிடப் போற அத்தனை பேரும் பாக்கறாங்க. அதுக்குள்ள ஒருமுறை நுழைஞ்சிட்டா, அப்புறம் யாரு என்னை வைத்தியம் பாக்க விடுவாங்க?"

அந்தப் பொன்னெழுத்தின் வளைவு நன்றாக அமைய வேண்டும் என்று தச்சனை நான்கு முறை திருத்தச் சொன்னவர் மாசாத்தி. மும்முறை படிவரை வந்த கால்களை உள்ளிருந்தும் காணாதவரும் அவரே. 'பிழை என்னுடையது. நாளை என்னோடு வா' என்று எழுதினார். வர மாட்டேன் என்றாள் எயினி. மாசாத்தி அந்தச் சொற்களை அழிக்காமல் அங்கேயே அமர்ந்திருந்தார். கடைசிப் படகு புறப்படுமுன் எயினி தானே எழுந்து, கையில் ஒட்டிய நாரைத் தட்டிவிட்டுப் படகை நோக்கி நடந்தாள்.

மறுநாள் ஆசிரியர் அவை கூடிற்று; எயினியும் அங்கே நின்றாள். எயினிக்கு வினாக்களை ஓலையில் எழுதித் தர வேண்டும் என்று மாசாத்தி விண்ணப்பித்தார். வேளாதனார் கொடியவர் அல்லர். மருத்துவத்தில் இந்நாட்டில் அவருக்கு இணை இல்லை. நோயாளியின் இருமலைக் கேளாதவர் மருத்துவராவது எங்ஙனம், ஒருத்திக்கு இரங்கி ஊராரின் உயிரோடு விளையாடலாமா என்று அவர் வினவியபோது, அவையில் பலர் தலையசைத்தனர்.

மாசாத்தி குரலை உயர்த்தவில்லை. "ஐயா, உங்களுக்கு ஏடு வாசிக்கிறவரை அனுப்பினது எந்த வீடு?"

ஏழாண்டாக வேளாதனார்க்குச் சிற்றெழுத்துக் கண்ணுக்குத் தெரிவதில்லை. துணைச்சாலை அனுப்பிய வாசிப்பாளர் அப்போதும் அவர் அருகிலேயே அமர்ந்திருந்தார். அதை எவரும் குறை என்று சொன்னதில்லை. பெரியவர்க்குரிய சிறப்பு என்றே எண்ணியிருந்தனர். வேளாதனாரும் அப்படித்தான் எண்ணியிருந்தார் போலும். அவர் ஓலையும் எழுத்தாணியும் கேட்டார். தம் கையாலேயே, கோணலும் மாணலுமாக, ஏழு வினாக்களை எழுதி எயினியிடம் நீட்டினார்.

ஆறுக்குச் சரியாக விடை சொன்னாள், ஒன்றில் பிழை செய்தாள். பிழையை அவர் விட்டுக்கொடுக்கவில்லை, அவளும் சலுகை கேட்கவில்லை. இருமலை எவ்வாறு அறிவாய் என்ற கேள்விக்கு, முதுகில் உள்ளங்கையை வைத்தால் நெஞ்சின் அதிர்வு தெரியும் என்றும், அதற்கும் எட்டாததை உடனிருப்பவரைக் கேட்கச் சொல்லித் தெரிந்துகொள்வேன் என்றும் சொன்னாள். பெயரை நீக்கும் ஓலையை வேளாதனாரே இரண்டாகக் கிழித்தார். பிறகு, அன்று சிரித்த மாணாக்கர் முன்னிலையிலேயே, கேளாதவளைச் செருக்குற்றவள் என்றதற்கு வருந்துவதாகவும் எழுதிக் காட்டினார்.

மாசாத்தி தம் முத்திரையை எமக்குத் திருப்பி அனுப்பினார். நன்கு நடக்கும் வீடென்று தாம் எண்ணியது சுவர்களைப் பார்த்தே; ஆட்களைப் பார்த்து அன்று என எழுதியிருந்தார். எம் அவையில் தம் வெற்றியை எழுதுவோர் மிகுதி. தம் பிழையைத் தாமே எழுதியவரை யாம் அரிதாகவே கண்டுள்ளோம். முத்திரையை மீண்டும் அவரிடமே அனுப்பினோம்.

அதன்பின் அவர் செய்ததுதான் பெரிது. பொன்னெழுத்தை இறக்கினார். புதிதாகச் சேர்வோர்க்குத் தங்கும் அறையின் சாவியையும் உணவுச் சீட்டையும் துணைச்சாலையிலேயே வழங்கச் செய்தார். ஆசிரியர்கள் எழுத்தாணி பெறுவதும் அங்கேதான். ஆகவே முதல் நாளே எல்லோரும் அந்தப் படியேறுகிறார்கள்; அங்கே எந்த அறையில் எந்த உதவி கிடைக்கும் என்று எல்லோரும் அறிகிறார்கள். உள்ளே போகிறவர் சாவிக்குப் போகிறாரா, சஞ்சலத்துக்குப் போகிறாரா என்று எவராலும் சொல்ல இயலாது. இப்போது மனக்குழப்பம் கேட்பதற்கென இருந்த இருவர் போதாமல் மேலும் நால்வரை வேண்டுகிறார் மாசாத்தி. யாம் மகிழ்ந்து தந்தோம்.

ஆதலின் அருஞ்சாத்தனாரே, ஒளித்து வைத்த உதவி, நாண வேண்டியது என்று தானே அறிவித்துவிடுகிறது. வடமதிலுக்குப் பின்னே ஒன்றும் எழ வேண்டா. தலைவாயிலுக்கும் சாப்பாட்டு மண்டபத்துக்கும் நடுவே, எல்லோரும் நடக்கும் வழியிலேயே துணைச்சாலையைக் கட்டுக. புதுச்சாலையில் முதற்கண் கூரை வேயப்படுவது அதுவாகுக. நாற்பதாம் நாள்வரை காத்திராது, பத்தாம் நாளிலேயே வாராதவரைத் தேடி ஆள் செல்க. இவை எம் ஆணை.

மற்றொன்று. இவ்வோலையை நும் கையில் தருபவள் எயினி. பயிற்சி முடித்து, நும் சாலையின் மருத்துவராக எம்மால் அமர்த்தப்பட்டு வருகிறாள். அவளைப் பின்னின்று அழைக்க வேண்டா. எதிர்முகமாக நின்று, வெளிச்சத்தில், மெல்லப் பேசுக.

மருதவாயில் அரண்மனையில், தைத் திங்கள் வளர்பிறை ஐந்தாம் நாள், ஈரிணைக் கயல் முத்திரை பொறித்தோம். நீர் உள்ளளவும் இச்சொல் நிற்க.