தாழைக்குப் பதில் தாள்

மார்ச் 4

அன்புள்ள தங்கச்சிக்கு,

எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது, பொறுத்துக்கொள். வரி ஏறி இறங்குகிறது. இரண்டு இடத்தில் பேனா காகிதத்தையே ஓட்டை போட்டுவிட்டது. யாரோ எழுதியது என்று நினைக்காதே, இதுதான் என் சொந்தக் கை. இத்தனை வருடம் உனக்கு வந்த முத்து முத்தான எழுத்தெல்லாம் துறைமுகத்தில் எங்கள் டைம்கீப்பர் எழுதியது. நான் பக்கத்தில் நின்று சொல்வேன். உன் கடிதங்களைப் படித்துக் காட்டியதும் அவர்தான்.

அறுபத்தைந்து வயதில் படித்துவிட்டேன், வாலு! நூலகத்தில் சாயங்கால வகுப்பு. டீச்சரம்மா நேற்று என் நோட்டைப் பார்த்து, "ஐயா, இது என்ன 'ழ'வா, கிரேன் கொக்கியா?" என்றார். "முப்பத்தெட்டு வருசம் கிரேன் ஓட்டின கைம்மா, வேற எப்படி வரும்?" என்றேன். வகுப்பே சிரித்தது.

விஷயத்துக்கு வருகிறேன். கடலோரத்தில் சின்னதாக ஒரு வீடு பார்த்து வந்துவிட்டேன். வாசலில் பத்தடி மணல். ரோஜா வைத்தேன், கருகியது. மல்லிகை நாலு நாள்கூடத் தாங்கவில்லை. நீ நாற்றுப்பண்ணை வைத்திருப்பவள். இந்த உப்புக்காற்றுக்கு எது நிற்கும்? பெரிய எழுத்தாகப் பிரித்துப் பிரித்து எழுது.

உன் அண்ணன்

பின்குறிப்பு: இது தபால் பெட்டிப் பக்கத்தில் நின்று எழுதுவது, டீச்சரம்மா திருத்தவில்லை. மற்றதை உன் இஷ்டப்படி அனுப்பு. தாளை மட்டும் மறந்துவிடாதே.


மார்ச் 15

அண்ணாவுக்கு,

நீ கேட்டபடி பெரிதாக எழுதியிருக்கிறேன்.

மல்லிகையை முதலில் வைத்ததுதான் தப்பு. கடல் பக்கம் முதல் வரிசையில் பூவரசும் புன்னையும் வை. மணல் பறக்காமல் இருக்க அடம்புக் கொடியைப் படரவிடு. அவை ஆள் உயரம் வந்த பிறகு, அவற்றின் முதுகுக்குப் பின்னால் மல்லிகை வை, பிழைக்கும். கன்றுகள் லாரியில் வருகின்றன. கேட்ட தாளும் இரண்டு கட்டு வைத்திருக்கிறேன்.

ஆறு வருடம் கழித்து எழுதியிருக்கிறாய், செடியைப் பற்றி. என் வீட்டுக்காரர் இறந்த பிறகு நான் எழுதிய கடிதத்தையும் டைம்கீப்பர் படித்துக் காட்டியிருப்பார். அதற்குப் பதில் இன்னும் வரவில்லை. பரவாயில்லை.

இப்படிக்கு,
தங்கை


மார்ச் 24

வாலு,

கன்றுகள் வாடாமல் வந்தன. அன்றைக்கே நட்டுவிட்டேன்.

அந்தக் கடிதம் வருவதற்கு முந்தைய மாதமே டைம்கீப்பருக்கு மாற்றல் வந்துவிட்டது. வேறு ஆளிடம் கொடுத்திருக்கலாம். 'இவ்வளவு பெரிய கிரேனை ஓட்டுறாரு, ஒரு கடுதாசி படிக்கத் தெரியலையா' என்பார்களே என்று வெட்கம். பிரிக்காமலே டிரங்குப் பெட்டியில் வைத்தேன். ஒரு மாதம் ஒரு வருடமானது. வகுப்பில் சேர்ந்ததே அதைப் படிக்கத்தான். படிக்க வந்ததும் பயம் வந்துவிட்டது.

உன் பதில் வந்த அன்று அதைப் பிரித்தேன். பொடி எழுத்து, மூன்று நாள் ஆனது. "வீடு ரொம்பப் பெரிசாயிடுச்சு அண்ணா. உன்கூட வந்து இருக்கட்டுமா? வா என்று ஒரே ஒரு எழுத்து போடு, போதும்."

ஒரே எழுத்துதான் கேட்டிருக்கிறாய். வகுப்பில் அதை இரண்டாம் வாரமே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். 'வ' போட்டு ஒரு கால். ஆறு வருடம் உன்னை நிற்க வைத்துவிட்டேன். மன்னித்துவிடு. தனித் தாளில், பக்கம் முழுக்க வருகிற மாதிரி எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன்:

வா

தாளுக்குப் பஞ்சமில்லை. நான் கேட்டது தாழை. முள்ளும் மடலுமாக வேலிக்கு நிற்குமே, அந்தத் தாழை. கொக்கியை மாற்றிப் போட்டுவிட்டேன்.

உன் அண்ணன்


ஏப்ரல் 2

அண்ணா,

'வா'வைப் பண்ணைக் கதவில் ஒட்டிவிட்டேன். செடி வாங்க வந்த ஒருவர், "கடைக்கு நல்ல போர்டும்மா, ஆனா எழுதினவருக்குக் கை நடுங்குது போல" என்றார். "எங்க அண்ணன் எழுதினது. உங்களுக்குச் செடி வேணுமா வேணாமா?" என்று கேட்டேன்.

நீ ஒன்பது வயதில் மூட்டை தூக்கப் போனாய், நான் பள்ளிக்கூடம் போனேன். பூவரசு மாதிரி முதல் வரிசையில் உப்புக்காற்றை வாங்கிக்கொண்டு நின்றவன் நீ. இது எனக்கு இவ்வளவு நாள் உறைக்கவில்லையே. உனக்குப் படிக்கத் தெரியுமா என்றுகூட நான் கேட்டதில்லை. நீயும் என்னை மன்னிக்க வேண்டும்.

பண்ணையைக் கூட்டாளியிடம் ஒப்படைத்துவிட்டேன். தாழைக் கன்று நாலு இருக்கிறது. லாரியில் போடவில்லை, பதினெட்டாம் தேதி நானே மடியில் வைத்துக்கொண்டு வருகிறேன். திரும்பிப் போக டிக்கெட் எடுக்கவில்லை.

வாலு


ஏப்ரல் 11

என் வாலுவுக்கு,

தபால்காரர் சைக்கிளை நிறுத்தி, "என்ன பெரியவரே, அடிக்கடி வருது, லவ் லெட்டரா?" என்றார். "இருப்பா, படிக்கிறேன் கேளு" என்று உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். திக்கித் திக்கித்தான். அவர் ஒரு காலைத் தரையில் ஊன்றிக் கடைசி வரி வரை கேட்டார். அந்த டைம்கீப்பர் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும். டீச்சரம்மாவும்.

பூவரசு இரண்டு இலை விட்டிருக்கிறது. கிழக்கு அறைக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டேன். ஜன்னலைத் திறந்தால் உன் தாழைக்கான குழிகள் தெரியும்.

நீ வந்துவிட்டால் கடிதம் நின்றுவிடும் என்று நினைக்காதே. ஒன்றரைக் கட்டுத் தாள் மீதி இருக்கிறது. அடுத்த வாரமும் எழுதுவேன். தபாலில் போடாமல் உன் அறைக் கதவுக்கு அடியில் தள்ளிவிடுகிறேன். நீயும் பதிலை அப்படியே தள்ளு, பெரிய எழுத்தில்.

உன் அண்ணன்