இடது மட்கார்டின் உட்புறம்

ஆம்பூர்,
14-6-1936, ஞாயிறு.

ஒடுகத்தூரில் தாய்வீட்டில் கோபமாக உட்கார்ந்திருக்கும் என் சம்பூர்ணத்துக்கு, ஆம்பூரில் சோற்றைக் குழையவிட்டு உப்பில்லாமல் தின்றுகொண்டிருக்கும் உன் புருஷன் பஞ்சாட்சரம் எழுதிக்கொள்வது. இவ்விடம் க்ஷேமம் என்று எழுதினால் அது புளுகு. அவ்விடம் உன் கோபம் கொஞ்சமாவது கம்மியாயிற்றா என்று அறிய ஆவல்.

உன் பெட்டியை வெட்டியது தப்பு. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புடவைகளை நான் வீசியெறிந்ததாக நீ ஊரில் சொல்கிறாயாமே, அது அபாண்டம். பாயை உதறி விரித்து, பட்டுப்புடவையை மேலே வைத்து, ஒவ்வொன்றாக அடுக்கித்தான் வைத்தேன்.

நான் வேறு என்ன செய்வேன், சொல்? முனீர் அகமது சாயபு மகளுக்கு வெள்ளிக்கிழமை நிக்காஹ். செவ்வாய்க்கிழமை, தோல் ஏற்றி வந்த மாட்டுவண்டியின் அச்சு அவர் காரின் இடது மட்கார்டைக் கிழித்துவிட்டது. ஒடுக்கு என்றால் பட்டறையில் தட்டி எடுத்துவிடுவேன். இதுவோ முறம் அளவுக்குக் கிழிசல். 'மாப்பிள்ளை இந்தக் கார்லதான் வரணும், முடியுமா முடியாதா?' என்று கேட்டார். என் வாய் என்னைக் கேட்காமலே 'ஆயிடும் சாயபு' என்று சொல்லிவிட்டது. மெட்ராஸிலிருந்து வரவேண்டிய தகடு வரவில்லை. கடைத்தெருத் தகரத்தில் பற்றவைக்கிற காஸ் நெருப்பைக் காட்டினால் ஓட்டைதான் விழும். வீட்டுக்கு வந்து தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். எதிரே உன் பெட்டி. உன் அப்பா வேலூரில் சொல்லிச் செய்த சீர்ப்பெட்டி, நல்ல கனமான தகடு. நீ தண்ணீருக்குப் போயிருந்தாய்.

வேலையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, கோபித்துக்கொள்ளாதே. ஒரே மூச்சில் பற்றவைத்தால் தகடு அப்பளம் மாதிரி நெளிந்துவிடும். அதனால் இங்கொரு பொட்டு, அங்கொரு பொட்டாகப் பற்றவைத்து, ஈரத்துணியால் ஒற்றி ஒற்றிச் சூட்டை அடக்கினேன். மரச் சுத்தியால் தட்டி, ஈயம் உருக்கிப் பள்ளத்தை நிரவி, அரம் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பார்த்தேன். ஒட்டு எங்கே என்று எனக்கே தெரியவில்லை! கறுப்பு வர்ணம் காய்ந்ததும் சாயபு சுற்றிச் சுற்றி வந்தார். 'அடேயப்பா, எங்க கிழிஞ்சதுன்னு நீயே காட்டுப்பா' என்றார். மாப்பிள்ளை அதில்தான் ஜம்மென்று வந்தார்.

அந்தச் சந்தோஷத்தைச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை. நீ புதன்கிழமையே போய்விட்டாய். பஸ் ஏறும்போது நீ சொன்னதைப் பக்கத்து வீட்டு ஜெயம்மாள் சொன்னாள்: 'ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே காலி பண்ணிக் குடுத்திருப்பேன்.' அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. குழைந்ததால் அல்ல. கேட்டிருக்க வேண்டும், சம்பூர்ணம். என்னை மன்னித்துக்கொள்.

மெட்ராஸ் தகடு நேற்று வெட்கமில்லாமல் வந்து சேர்ந்தது. அதில் உனக்குப் புதுப்பெட்டி செய்கிறேன். எவ்வளவு உயரம், எந்தப் பக்கம் பூட்டு என்று நீ சொல்லாமல் மூடியில் கை வைக்கமாட்டேன்.

விஷயம் தெரிந்து சாயபுவின் சம்சாரம் ஹலீமா பீ என்னைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டார். 'பொம்பள பொட்டிய கேக்காம தொடலாமா? போய்க் கூட்டிட்டு வா' என்று உத்தரவு. வருகிற வியாழக்கிழமை சாயபு தோல் பதனிட ஆவாரம்பட்டை பார்க்க அந்தக் காரில் ஒடுகத்தூர் வருகிறார். நானும் வருகிறேன். கார் உங்கள் தெருமுனையில் நிற்கும். என்னோடு பேசாவிட்டாலும் போகிறது, இடது மட்கார்டுக்கு அடியில் மட்டும் குனிந்து பார். உன் பெட்டித் தகட்டில் வர்ணம் அடித்த பக்கத்தை உள்ளே திருப்பித்தான் பற்றவைத்தேன். நெருப்புப் படும் ஓரத்தை மட்டும் சுரண்டினேன். நடுவிலே எழுதியிருந்த இரண்டு கிளிகளும் உன் பேரும் அப்படியே இருக்கின்றன. அதைச் சுரண்ட எனக்குக் கை வரவில்லை.

சாயபு முன்னால் உட்கார்ந்துகொள்வதாகச் சொல்லிவிட்டார். பின்னால் என் பக்கத்தில் இடம் காலி. ஏறி வந்துவிடுகிறாயா, சம்பூர்ணம்? இந்தத் தடவை கேட்டுவிட்டேன்.

உன்,
பஞ்சாட்சரம்.