முதலில் சொல்ல வேண்டியது

அன்புள்ள அப்பாவுக்கு, ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து எபியின் ஸ்தோத்திரம். போன் இதை வாசித்துக் காட்டும்போது என் பெயரைக் கடித்துத் துப்பினால் பொறுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குச் சொட்டு மருந்து தவறாமல் விடுகிறீர்களா? அம்மாவுக்கு முட்டிவலி தேவலையா?

இங்கே ஒரு கூத்து. நான் வேலை பழகும் கம்பெனியில் ஒரு பள்ளிக்கு வெப்சைட் செய்தோம். சோதித்துப் பார்க்க ஈவ்லின் அக்கா வந்தார். அவருக்குப் பார்வை கிடையாது. கம்ப்யூட்டர் வாசிப்பதைக் கேட்டு வேலை செய்வார். ஒரு பக்கத்தைத் திறந்ததும் அது தலைப்பைத்தான் முதலில் வாசிக்கும். நானோ எல்லாப் பக்கத்துக்கும் பள்ளியின் பெயரையே தலைப்பாக வைத்திருந்தேன்.

“என்னப்பா எபி, எல்லா ரூம் வாசல்லயும் ஸ்கூல் பேரையே எழுதி வச்சிருக்க? ஃபீஸ் கட்ட நான் எதுல நுழையறது?”

“எதுல நுழைஞ்சாலும் ஃபீஸ் வாங்கிடுவாங்கக்கா.”

ஆபீஸே சிரித்தது, அக்காவும்தான். எனக்கு உங்கள் ஞாபகம் வந்து சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. உட்கார்ந்து எல்லாத் தலைப்பையும் மாற்றினேன்: முதலில் விஷயம், பிறகு பள்ளியின் பெயர்.

அம்மாவிடம் நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்பச் சொல்லுங்கள். ரூமில் என்னோடு பேச ஃபேன் மட்டும்தான். அதுவும் எந்நேரமும் புலம்பல்.

வீட்டிலிருந்து போன் வந்தால் பேச்சின் கடைசிக்காகவே காத்திருக்கிறேன், அப்பா. மழை, கோழி, பக்கத்து வீட்டுக் கல்யாணம் எல்லாம் சொல்லிவிட்டு, டாக்டர் சொன்னதைக் கடைசியில்தான் சொல்கிறீர்கள். வியாழக்கிழமை கண் ஆஸ்பத்திரியிலிருந்து பேசும்போது, எந்தச் செய்தியானாலும் அதையே முதலில் சொல்லுங்கள். மழையைப் பிறகு விசாரிக்கிறேன்.

மேனேஜர் வருகிறார்.

எபி