கதவுக்கு மூக்கு, பானெட்டுக்கு வால்

அன்புள்ள எவரிஸ்தோ,

நீயும் அத்தையும் சுகம்தானே? அத்தையின் முழங்கால் வலி குறைந்ததா? வடக்கே துக்குமானில் இப்போது வெயில் கொளுத்தும். இங்கே பத்தகோனியாவில் காற்று ஓயவே இல்லை. நான் நன்றாக இருக்கிறேன்.

காரும் நன்றாகத்தான் இருக்கிறது. பானெட்டில் மட்டும் ஒரு சின்ன நெளிவு. காற்று கதவைப் பிய்த்துவிடாமலிருக்க, இந்த ஊரில் வண்டியின் மூக்கைக் காற்றுக்கு எதிரே வைத்துத்தான் நிறுத்துவோம். ஞாயிற்றுக்கிழமை ஆயில் மாற்ற, அப்படி நின்ற வண்டியிலேயே பானெட்டைத் திறந்தேன். அது என் கையைப் பிடுங்கிக்கொண்டு போய் முன்கண்ணாடியில் மடேரென்று மோதியது. கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை, ஒரு விரிசலைத் தவிர.

பக்கத்து வீட்டு ஓயர்சோ அக்கா ஓடி வந்தாள். "அடியே வடக்கத்திக்காரி! கதவுக்கு மூக்கு, பானெட்டுக்கு வாலுடி! இதுகூடத் தெரியாதா? விடு, மெக்கானிக் வரட்டும்."

"அவர் வர மூணு வாரம் ஆகும்க்கா. நாளைக்குப் பண்ணை ஆடுங்களுக்கு ஊசி போட யாரு போவா, நீங்களா? வழி விடுங்க, வண்டியத் திருப்பணும்."

வாலைக் காற்றுப் பக்கம் திருப்பி, பானெட்டுக்குக் கழியை முட்டுக் கொடுத்து, ஆயிலை மாற்றிவிட்டேன். ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. "நான் வரும்வரை எதையும் தொடாதே" என்று எழுதியிருந்தாயே, அடுத்த வாரம் பிரேக்கைக் கழற்றப் போகிறேன்.

வீட்டில் கை துடைக்கத் துணியில்லை. உன் பழைய நீலச் சட்டையை அனுப்பு. எப்படியும் கிரீஸ் ஆகப்போகிறது, துவைக்காமலே அனுப்பு.

தபால் வண்டி ஹார்ன் அடிக்கிறது.

உன் நேலிதா