புள்ளிக் கோட்டில் பிறந்தவர்கள்

மார்ச் 3, செவ்வாய்

மைனஸ் நாலு. காலையில உருகி, பின்னேரம் திரும்ப உறைஞ்சு, வில்லரே நடைபாதை முழுக்கக் கண்ணாடி. வேலை முடிஞ்சு வரக்குள்ள, நான் பிள்ளை பார்க்கிற கார்தெரி வாசல்ல, ரெண்டு தரம் வழுக்கினன். விழல்ல.

செய்ய வேண்டியது:
– சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் பெரிய தாள், தடிச்ச மார்க்கர்
– அம்மாட முழங்காலுக்கு எண்ணெய்
– நாடகத்து ஹீராவுக்குக் கிரீடம் (தங்க நிற மட்டை எங்க வாங்குற?)
– த.வுக்குப் பதில்

கடைசி ஒண்டுதான் ரெண்டு நாளாக் கிடக்கு.

பேரை முழுசா எழுத மாட்டன். அம்மா கண்ணாடியைப் போட்டாவெண்டா பால்பெட்டியில இருக்கிற பிரெஞ்சைக்கூட எழுத்துக்கூட்டிப் பார்க்கிற ஆள். த. எண்டா அப்பாட மற்றக் குடும்பத்துப் பிள்ளை. என்னை விடப் பத்து வயசு இளமை. போன வருசம் கலியாணம் கட்டி மட்டக்களப்பில இருந்து இங்க வந்தவள். கோட்-டெ-நெய்ஜில அப்பார்ட்மென்ட். புருசன் லொறி ஓட்டம், மேற்குப் பக்கம் போனா வர பத்து நாள். அவளைப் பெத்தவ செத்து நாளாச்சு. அவளுக்கு இப்ப நிறைமாசம்.

ஞாயிற்றுக்கிழமை மெசேஜ்: "அக்கா, வயித்துக்குத்து வந்தா உங்களைக் கூப்பிடட்டா? கையைப் பிடிக்க ஒராள் நிண்டாக் காணும்."

கையைப் பிடிக்க எண்டு ஏன் எழுதினாளோ. அது இல்லாட்டி ஏலாது எண்டு சொல்லியிருப்பன்.

இதுவரைக்கும் ரெண்டு தரம் சந்திச்சிருக்கன். ரெண்டு தரமும் அம்மாவுக்குப் பல்டொக்டர் எண்டு சொல்லிப்போட்டு. என்ட பல்லு அவ்வளவு பழுதில்ல.

மார்ச் 5, வியாழன்

பனி. பிறகு மழை. பிறகு ரெண்டும்.

தமிழ் வகுப்பு ஆண்டு விழா நாடகத்தைப் பற்றி ஒரு பிள்ளைட தாய் போன்ல. யாழ்ப்பாணம், மரியாதையான ஆள். "டீச்சர், குறை நினையாதேங்கோ. சொந்த அக்காவைக் கட்டின ஆளின்ட கதை எங்கட பிள்ளையளுக்கு ஏன்? எங்கட சாமியளிட்டக் கதை இல்லையோ?"

முருகன் ரெண்டு கட்டினதைப் பாட்டாப் படிச்சுக் கும்பிடுறம் எண்டு வாயில வந்திச்சு. விழுங்கினன். சியுஸ் எண்ட அந்தக் கிரேக்கக் கடவுளுட தகப்பன் பிள்ளைகளை விழுங்கின மாதிரி.

நானா கேட்டன்? என்ன நாடகம் போடுவம் எண்டு கேட்டதுக்குப் பதினொரு பிள்ளைகளும் ஒரே குரல்ல கிரேக்கக் கடவுள். பள்ளிக்கூடத்தில பிரெஞ்சில படிக்கிறாங்க. அதெனாவைத் தகப்பன்ட தலையில இருந்து எடுத்தது, டியோனிஸஸைத் தகப்பன் தொடைக்குள்ள வெச்சுத் தைச்சு மிச்ச மாசம் சுமந்தது, எல்லாம் விரல் நுனியில. சரி, தமிழ்ல சொல்லுங்க எண்டன். வாய் ஓயாமச் சொன்னாங்க. மூண்டு வருசத்தில முதல் தரம். விடுவனா?

எடுத்தது லீட்டோ எண்டவள்ட கதை. சியுஸால பிள்ளை உண்டானவள். சியுஸுட பெண்சாதி ஹீராவுக்குக் கோவம். ஒரு நிலமும் லீட்டோவுக்குப் பிள்ளைப்பெற இடம் குடுக்கப்படாது எண்டு உத்தரவு. ஊர் ஊரா அலையிறாள். கடைசியில கடல்ல மிதக்கிற ஒரு சின்னத் தீவு, டெலோஸ், வா எண்டுது. அகதியளுக்கு விளங்காத கதையா இது!

உடுப்பு அம்மா தைக்கிறா, பழைய சீலையில. அம்மா ஊரில மிட்வைஃபா இருந்தவ. இங்க வந்து பதினெட்டு வருசம். பிரெஞ்சு மூண்டே மூண்டு சொல்: பொன்ஜூர், மெர்சி, பிறகு தோளைக் குலுக்கிறது.

மார்ச் 7, சனி

ஒத்திகை. தேவாலயத்து நிலக்கீழ் மண்டபம், ஹீட்டர் ஒரு பக்கம்தான் வேலை செய்யும்.

பெரிய தாளில குடும்ப மரம் கீறினம். முதல் சண்டை ஹெஸ்தியாவில. அடுப்புக்கும் வீட்டுக்கும் கடவுள். முதல் பிறந்தவ, முதல் விழுங்குப்பட்டவ, தகப்பன் சத்தியெடுக்கக்குள்ள கடைசியா வெளிய வந்தவ. அவ அக்காவா தங்கச்சியா? கை தூக்கச் சொன்னன். அஞ்சுக்கு அஞ்சு. மிச்சம் அபி. "ரெண்டும், மிஸ். அக்கா எண்டு கூப்பிட்டுத் தங்கச்சி மாதிரிப் பார்க்கலாம்."

அபிக்குப் பத்து வயசு. அவளுக்கு இலீத்தியா வேசம். இலீத்தியா ஹீராட சொந்த மகள், பிள்ளைப்பேற்றுக்குக் கடவுள். அவ வராம ஒரு பிள்ளையும் பிறக்காது. லீட்டோவிட்ட அவளைப் போக விடாம ஹீரா ஒன்பது நாள் மறிச்சு வெச்சிருந்தவ.

கலியாணத்தில பிறந்த பிள்ளைகளுக்கு நேர்க் கோடு, மற்றதுகளுக்குப் புள்ளிக் கோடு எண்டு நான்தான் சொன்னன். கீறி முடியப் பார்த்தா தாள் முழுக்கப் புள்ளி. அபி கேட்டாள்: "மிஸ், புள்ளிக் கோட்டில பிறந்த பிள்ளைக்குத் தான் புள்ளிக் கோடு எண்டு தெரியுமா?"

தண்ணி குடிக்கப் போனன்.

மூலையில தைச்சுக்கொண்டிருந்த அம்மா, நூலைப் பல்லால அறுத்துப்போட்டு: "இந்த ஹீரா புருசனைக் கேக்க வேண்டியதுதானே. அந்தப் பொடிச்சியை ஏன் ஊர் ஊராக் கலைக்கா?"

பிள்ளைகள் கைதட்டினாங்க. அம்மாட வாயில இருந்தா இது? எங்கட வீட்டில த.வுட பேரைச் சொல்லாம இருக்கிறதே அம்மாவுக்காகத்தானே.

மார்ச் 8, ஞாயிறு

வெயில், ஆனா பொய் வெயில். சோறு, கத்தரிக்காய், மீன் பொரியல். தம்பி பியர்பொன்ட்ஸில இருந்து வந்து சாப்பிட்டுப் போனான்.

தம்பியைப் பார்த்தா ரெண்டு வருசத்துக்கு முந்தின அப்பாட செத்தவீடுதான் ஞாபகம். த. அப்ப ஊரில. வீடியோவில அப்பாட முகத்தை ஒருக்காக் காட்டச் சொல்லிக் கேட்டாள். போன் என்ட கையில. பெட்டிக்குக் கிட்டப் போயிட்டன். தம்பி வந்து, "அம்மா பார்த்தா என்ன நடக்கும் தெரியுமா" எண்டு போனை வாங்கி நிப்பாட்டினான். நான் விட்டன். இழுபறிகூடப் படல்ல. சும்மா குடுத்தன்.

அதை அவள் இண்டைக்கு வரைக்கும் என்னட்டக் கேட்டதில்ல. கேட்டிருந்தா எவ்வளவு நல்லம்.

பதில் போட்டிட்டன்: "கூப்பிடு. வாறன்."

அவள் அனுப்பினது முழுக்க அழுகிற முகம், ஒரு பன்னிரண்டு இருக்கும். கடைசியில ஒரு மாம்பழம். ஏன் மாம்பழம் எண்டு தெரியல்ல.

டொக்டர் சொன்ன திகதி 20. ஆண்டு விழா 14. ஆறு நாள் இடைவெளி. காணும்.

மார்ச் 11, புதன்

கார்தெரியில மூண்டு பிள்ளைகளுக்குச் சளி, எனக்கும் வரப்போகுது. தங்க மட்டை கிடைச்சுது.

ஹீராட சீலைக்கு அம்மா சரிகை வெச்சுத் தைச்சு முடிச்சிட்டா. விரிச்சுக் காட்டினா. கண்ணைப் பறிக்குது. கெட்டவளுக்கு ஏன் இவ்வளவு வடிவா எண்டு பகிடிக்குக் கேட்டன்.

"ஆரு சொன்ன கெட்டவள் எண்டு?" எண்டா. சரிகையைத் தடவிக்கொண்டு, "ஆனா மருத்துவிச்சியை மறிச்சது பிழை புள்ள. எந்தக் கோவத்திலயும் அதைச் செய்யப்படாது."

முகம் ஒரு மாதிரி. எழும்பிப் போய்க் குசினியில ஒரு காரணமும் இல்லாமக் கோப்பை கழுவினா. நான் ஏதும் உளறிப்போட்டனோ? இந்த டயறிக் கொப்பியை இனித் தலையணைக்குக் கீழ வைக்கோணும்.

மார்ச் 14, சனி, காலை

மைனஸ் பதினொண்டு. மார்ச்சாம்!

கொண்டுபோக: கிரீடம், சேஃப்டி பின், தீவு (நீலப் போர்வையும் ஒரு ஸ்டூலும்), பிள்ளைகளுக்குத் தின்னப் பற்றிஸ். போன் சார்ஜ் நூறு.

மார்ச் 15, ஞாயிறு

மறக்க முன்னம் எழுதிப்போடோணும். நேற்று நடந்தது, ஒழுங்கா.

மூண்டு மணிக்கு நாடகம். நான் திரைக்குப் பக்கத்தில, வசனத்தாளோட. போன் கைப்பையில, கைப்பை முதல் வரிசையில அம்மாட மடியில. முட்டாள் நான்.

லீட்டோ அலைஞ்சாள், தீவு வா எண்டுது, லீட்டோ ஸ்டூலைப் பிடிச்சுக் கத்தத் துவங்கினாள். நல்லாக் கத்தினாள். இனித் தூதுக்காரி ஐரிஸ், லஞ்ச மாலையோட ஹீரா இருக்கிற இடத்துக்குப் போய், ஹீராவுக்குத் தெரியாம இலீத்தியாவைக் கூட்டி வரோணும். ஐரிஸ் மாலையைத் தேடுறாள், காணல்ல. ஹீராட காலடியில இருந்த அபி பொறுத்துப் பார்த்தாள். பிறகு தானா எழும்பி மேடைக்குக் குறுக்கால ஓடினாள். நான் "இன்னும் இல்ல, இன்னும் இல்ல" எண்டு கையால காட்டுறன். அவள் என்னைப் பார்த்து, சபைக்கே கேக்க: "அவ கத்துறா மிஸ், எப்பிடிச் சும்மா இருக்கிறது?"

மண்டபம் சிரிச்சுக் கைதட்டிச்சு. போன் அடிச்சது அந்தச் சிரிப்புக்குள்ளதானாம். எனக்குக் கேக்கல்ல.

முடிஞ்சு கீழ வாறன், அம்மாட கதிரை வெறுமை. பக்கத்தில இருந்த அந்த யாழ்ப்பாணத்துத் தாய் சொன்னா: "அம்மா ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டிட்டா டீச்சர். ஒரு போன் வந்தது. 'எந்த ஆஸ்பத்திரி? முக்காத புள்ள, ஊது, நான் வாறன்' எண்டு கதைச்சுக்கொண்டே போனவ. மெட்ரோ எந்தப் பக்கம் எண்டு என்னைக் கேட்டவ."

எழுபத்துமூண்டு வயசு. முழங்கால். ஐஸ். மூண்டு சொல் பிரெஞ்சு.

ஓடினன். நீலக் கோட்டு மெட்ரோவில ஒவ்வொரு ஸ்டேசனும் ஒரு மணித்தியாலம். அம்மா போய்ச் சேர்ந்தாவோ, வழியில விழுந்து கிடக்கிறாவோ, போய் அங்க என்ன சொல்லப்போறாவோ. கடவுளே எண்டு கும்பிட்டன், எந்தக் கடவுள் எண்டு யோசிக்கல்ல.

த. முதலே சொல்லி வெச்ச ஆஸ்பத்திரியில பிள்ளைப்பேற்று மாடி. பேரைச் சொன்னன். மேசையில இருந்த பெட்டை பிரெஞ்சில, "அவட அம்மா முதலே வந்து உள்ள நிக்கிறா" எண்டாள். இல்ல, வேற ஆள், அவட அம்மா செத்திட்டா எண்டு சொல்ல வாயெடுத்தன். கதவு திறந்து கிடந்திச்சு.

அம்மா. ஜக்கெட்கூடக் கழட்டல்ல. சட்டையில ஹீராவுக்குக் குத்தின ஊசி இன்னும் நூலோட. ஒரு கை தர்சினிட கையில, மற்றது அவட முதுகில. நர்ஸ் பிரெஞ்சில ஒண்டு சொல்ல, அம்மா அதையே தமிழ்ல சொல்றா, ஒரு செக்கன் முந்தி. நர்ஸ் சிரிச்சுப்போட்டு அம்மாவுக்கு இடம் விட்டுக் குடுத்தாள்.

தர்சினி என்னைக் கண்டு, "அக்கா, பெரியம்மா வந்திட்டா" எண்டாள். எனக்குத் தெரியாத ஒரு செய்தியைச் சொல்ற மாதிரி.

ஆறு இருபதுக்குப் பிள்ளை. பொம்பிளைப் பிள்ளை. தலை முழுக்க முடி, தொண்டை முழுக்கக் கோவம்.

பிறகு நடையில, பிஸ்கட் மெசினுக்குப் பக்கத்துக் கதிரையில, நானும் அம்மாவும். நான் என்னத்தைக் கேப்பன்? அம்மாதான் துவங்கினா.

"இவளும் இந்தக் கையிலதான் விழுந்தவள்."

எனக்கு விளங்கல்ல.

"நாம இடம்பெயர்ந்து பள்ளிக்கூடத்தில இரிக்கக்குள்ள. நீ வெளிய விளையாடுறாய். உன்ட அப்பா வாசல்ல வந்து நிண்டார். மற்றப் பள்ளிக்கூடத்தில இவளைப் பெத்தவ குத்தில கிடக்கா, பார்க்க ஒருத்தரும் இல்ல. அவர்ட முகத்தில எழுதி இரிந்திச்சு. நான் பையைத் தூக்கினன்."

"அம்மா..."

"கொடி கழுத்தில ரெண்டு சுத்து. நான் அண்டைக்குக் கையை எடுத்திருந்தா ஆரும் என்னைக் கேட்டிருக்க மாட்டாங்க. எடுக்க வரல்ல."

ஏன் எங்களுக்குச் சொல்லல்ல எண்டு கேட்டன். கத்திக் கேட்டிட்டன் போல, ஒரு கிளீனர் திரும்பிப் பார்த்தார்.

"சொன்னா அப்பாவை மன்னிச்சிட்டன் எண்டு நீங்க நினைப்பீங்க. நான் மன்னிக்கல்ல, இப்பவும் இல்ல. அது அவருக்கும் எனக்கும். புள்ளைக்கு என்ன?"

செத்தவீட்டில நான் போனைக் குடுத்ததைச் சொன்னன். எல்லாம் சொன்னன், பல்டொக்டரையும். அம்மா என்ட தலையை இழுத்து ஜக்கெட்டுக்குள்ள வெச்சுக்கொண்டா. ஈர உப்பு மணம். நாப்பத்தஞ்சு வயசில விக்கி விக்கி அழுதன்.

"கொப்பியில த. எண்டு எழுதினா எனக்குத் தெரியாதா?" எண்டா. "அந்த எழுத்தில எனக்கு வேற ஆரைத் தெரியும்?"

தர்சினி. தர்சினி. தர்சினி. எழுதிப் பார்க்கிறன், இனி ஒளிக்க ஒண்டும் இல்ல.

மார்ச் 16, திங்கள்

சளி வந்திட்டுது. சொன்னனே.

பிள்ளைக்குக் கொஞ்சம் மஞ்சள் காமாலை. விளக்குக்குக் கீழ வெச்சிருக்காங்க, புதன்கிழமை விடுவாங்களாம். தாய்க்குச் சுகம். புருசன் லொறியைத் திருப்பிட்டார், இன்னும் ரெண்டு நாள் ஓட்டம். தம்பிக்குப் போன் எடுத்துச் சொன்னன். முழுக்கக் கேட்டான். பிறகு, "அம்மா மெட்ரோவிலயா போனவ? எனக்குச் சொல்லியிருந்தாக் கார் கொண்டு வந்திருப்பன்" எண்டான். அதுக்கு மேல நானும் கேக்கல்ல.

விடியக்காலையில இருந்து அம்மா சரக்கு அரைக்கிறா, பிள்ளைப்பெத்த உடம்புக்கு. மல்லி, மிளகு, நற்சீரகம், மஞ்சள், உள்ளி. வேர்க்கொம்பு, சுக்குத்தான், முடிஞ்சுது, என்னைக் கடைக்குக் கலைச்சா. வீடு முழுக்க மணம். வேற ஊரில படிக்கிற என்ட ரெண்டு பிள்ளைகளும் பிறக்கக்குள்ள அரைச்ச அதே சரக்கு.

பின்னேரம் சாப்பாட்டுப் பெட்டியோட நானும் அம்மாவும் போயிட்டு வந்தம். பிள்ளை அம்மாட விரலைப் பிடிச்சுது. பிடிச்சா விடுதில்ல, கெட்டிக்காரி.

வந்து ஜக்கெட்டைக் கொழுவக்குள்ளதான் பார்த்தன். நெஞ்சுப் பக்கத்தில ஆஸ்பத்திரி ஸ்டிக்கர், சனிக்கிழமையில இருந்து ஒட்டினபடி. நோயாளிக்கு என்ன உறவு எண்டு எழுதுற இடத்தில, நீல மையில, மேர். தாய்.

இதை எப்பிடி அம்மா எழுதுவிச்சீங்க எண்டு கேட்டன்.

"மேசையில இருந்தவள் பிரெஞ்சில என்னவோ கேட்டாள். எனக்கு விளங்கல்ல. மமோன் எண்டன். கார்தெரியில பிள்ளைகள் தாயைக் கண்டா அப்பிடித்தானே கத்துறதுகள்?"

சரி, இப்ப கழட்டுறன் எண்டு கையை வெச்சன்.

"விடு புள்ள, இரிக்கட்டும். நாளைக்கும் போகோணும்."