நாற்பத்தோராவது பெயர்

அன்பு மகள் தஹானிக்கு,

இறைவன் கருணையால் இங்கே எல்லோரும் எழுந்து நடமாடுகிறோம், நீயும் அந்த ஜெனீவாக் குளிரில் நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். நாளை அங்கே வரும் தூதுக்குழு வக்கீலிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன், தபாலை நம்பி உட்கார எனக்குப் பொறுமை இல்லை.

நீ மொழிபெயர்க்கிற அந்தப் பேச்சுவார்த்தையில் விடுதலையாகப் போகிற கைதிகளின் பட்டியல் போன வாரம் செவ்வாய்க்கிழமை பேப்பரில் வந்துவிட்டது. நாற்பத்தோராவது பெயர் சாபிர் யூனுஸ் அவ்தா. உன் அண்ணன் பெயரை அச்சில் பார்த்ததும் அப்பா பேப்பரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் சுற்றினார், அன்றே அவன் அறைக்குச் சுண்ணாம்பும் அடித்துவிட்டார். ஏழு வருஷமாகச் சிறையில் கிடக்கிற பிள்ளை, சந்தோஷம் இருக்காதா. எனக்குத்தான் சந்தேகம் வந்தது. கீழ்த்தெரு வஸ்ஃபியாவின் மகனும் சாபிர்தான், அவன் அப்பாவும் யூனுஸ்தான், ஒரே குடும்பப்பெயர், ஒரே வருஷம் பிடிபட்டவர்கள். தாத்தா பெயரைச் சேர்த்தால்தானே நம் ஊரில் ஆள் யாரென்று தெரியும், நம்மவன் தாவூத் பேரன், அவளுடையவன் ஹம்தான் பேரன். நீளமாக இருக்கிறதென்று உங்கள் மத்தியஸ்தர்கள் அதை வெட்டிவிட்டார்கள் போலிருக்கிறது. அது நம்ம பையன்தான், வாய வச்சுக்கிட்டுச் சும்மா இரு என்று அப்பா என்மேல் எரிந்து விழுகிறார். இதற்கிடையில் பேச்சுவார்த்தையிலிருந்து ஒரு தரப்பு எழுந்து போய்விட்டது என்று ரேடியோ காலையில் சொல்கிறது, திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டார்கள் என்று மத்தியானம் சொல்கிறது. முறிந்தால் எந்தச் சாபிரும் வரமாட்டான்.

மறுநாள் வஸ்ஃபியா வந்தாள். காபி கொடுத்தேன், தொடவில்லை. ஏய், உன் மகதான் அந்த மேசையிலயே உக்காந்திருக்காளே, எந்தச் சாபிர்னு ஒரு வார்த்தை கேக்கச் சொல்லேன் என்றாள். அவள் மொழிபெயர்க்கப் போனவள், சொந்தமாக வாய் திறந்தால் சீட்டைக் கிழித்துவிடுவார்கள் என்று நீ எழுதியதைச் சொன்னேன். உனக்குக் கேக்கப் பயம், அதான் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். பயம்தான் தஹானி. கேட்காத வரைக்கும் அவன் என் பிள்ளை.

உன்னிடம் மறைக்கமாட்டேன், நேற்று இந்தக் கடிதத்தை வேறு மாதிரி எழுதியிருந்தேன். மொழிபெயர்க்கிற பேச்சில் தாவூத் என்ற பெயரை நீயே நுழைத்துவிடு, யார் கண்டார்கள் என்று எழுதினேன். இன்று காலை வஸ்ஃபியா தன் மகனுடைய பழைய சட்டைகளைத் துவைத்துக் கொடி நிறையக் காயப்போட்டிருந்தாள். வீட்டுக்கு வந்து அந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டேன். வெட்கமாக இருக்கிறது.

ஆகையால் இடைவேளையில் அங்கே பொறுப்பான ஒருவரிடம் நேராகக் கேள். எந்தத் தாத்தாவின் பேரன் என்று மட்டும் கேள், நீயாக எந்தப் பெயரையும் சொல்லாதே. கேட்டதற்காக வேலை போனால் போகட்டும், வீட்டுக்கு வந்துவிடு.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி வைத்திருக்கிறேன், அழகாயில்லை என்று பெட்டியிலேயே போட்டுவைக்காதே. உன் நாவும் உன் உடம்பும் இறைவன் காவலில் இருக்கட்டும். ஒன்றை மறந்துவிடாதே, ஊரில் போன் இருப்பது வஸ்ஃபியா வீட்டில் மட்டும்தான். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அப்போது கூப்பிடு, அவள் எடுத்ததும் என்னிடம் கொடுக்கச் சொல்லாதே. எந்தப் பேரன் என்றாலும் அவளிடமே சொல்லிவிடு.

உன் வரவுக்கும் அவன் வரவுக்கும் காத்திருக்கும்
உன் அம்மா