நூற்று நான்கு வோல்ட்டுக்குக் கீழே

டெக்சஸ், ஜூலை 19

அன்பு மகள் மார்லாவுக்கு, அலாஸ்காக் கடலில் நீ சுகமாயிருப்பாய் என்று நம்பி அம்மா எழுதுவது. இங்கே நாங்களும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. உன் மீன்பிடிக் கப்பலுக்குப் போன் கிடைக்காததால் துறைமுக முகவரிக்கு அனுப்புகிறேன்.

வெயில் தாங்கவில்லை. மதியமானால் நாங்கள் வண்டிவீட்டை நிறுத்தியிருக்கும் இந்த முகாமில் எல்லா வண்டிகளிலும் ஏசி ஓடுகிறது, கம்பத்தில் நூற்றிருபது வோல்ட் வரவேண்டிய மின்சாரம் சோர்ந்துவிடுகிறது. நூற்று நான்கு வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் நீ வாங்கித் தந்த காவல் பெட்டி இணைப்பைத் துண்டித்துவிடும், உடனே அப்பாவின் ஆக்சிஜன் இயந்திரமும் நின்றுவிடும். செவ்வாய்க்கிழமை நான்கு தடவை நின்றது. எனக்கு ஆத்திரம் தலைக்கேறி, பெட்டியைக் கழற்றிவிட்டு வயரை நேராகக் கம்பத்தில் சொருகினேன், பெரிய கெட்டிக்காரி என்று நினைப்பு. ஒரு மணி நேரத்தில் ஏசி கருகிவிட்டது. ஆக்சிஜன் இயந்திரம் தப்பியது கர்த்தருடைய கிருபை. பெட்டியைத் திரும்ப மாட்டிவிட்டேன், இப்போது எங்களுக்கு மின்விசிறிதான். மின்சாரம் நின்றால் போட்டுக்கொள்ள இரண்டே சிலிண்டர்கள் மீதி, அடுத்தவை திங்கட்கிழமைதான் வரும். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால் உன் அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். முகாம் மேனேஜரோ மின்சாரத்தைச் செப்டம்பரில்தான் சரிசெய்வாராம்.

வெட்கத்தை விட்டு ஒவ்வொரு வண்டிவீடாகப் போய், மதியம் மூன்று மணி நேரம் ஏசியை நிறுத்துங்கள் என்று கெஞ்சினேன். நாய் விஷயமாக நான் வசந்தகாலம் முழுக்கச் சண்டை போட்ட பக்கத்து வண்டி டெல்பர்ட்தான் முதலில் நிறுத்தினார், ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு வெளியே நிழலில் உட்கார்ந்தார். அவரைப் பார்த்து எங்கள் வரிசையே நிறுத்தியது. பெட்டியில் எண் நூற்றுப் பதினொன்றுக்கு ஏறியது, நான் எல்லார் முன்னாலும் அழுதுவிட்டேன். அப்பா ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார். "டெல்பர்ட்டுக்கு எம்பது வயசுடி வில்மா. எனக்காக அவன் வேகணுமா?" என்றார். வாயை மூடுங்கள் என்றேன்.

நேற்று துணி துவைத்துவிட்டு வந்தால் வரிசை முழுக்க ஏசி இரைகிறது, எங்கள் பெட்டி துண்டித்துக் கிடக்கிறது. டெல்பர்ட்டிடம் ஓடினேன். "சிலிண்டர் போட்டுக்கிட்டேன், நீங்கல்லாம் ஏசியப் போட்டுக்கோங்கன்னு அவருதாம்மா சொன்னாரு" என்றார். உள்ளே அப்பா உதடு நீலம் பாரித்துப் படுத்திருந்தார். இரண்டு சிலிண்டர்களும் மூலையில் திறக்காமல் நின்றன.

ஒன்றைத் திறந்து போட்டுவிட்டேன், மூச்சு திரும்பிவிட்டது. ஆனால் மார்லா, அவர் மனசு என் கைக்கு அடங்கவில்லை. நான் சொன்னால் தலையாட்டுகிறார், அவ்வளவுதான். கரையில் கால் வைத்ததும் வேறு எதுவும் செய்யாதே, அவரைக் கூப்பிடு. நீங்கள் எனக்கு வேண்டும் அப்பா, இன்னும் வேண்டும் என்று சொல். கர்த்தர் உன் கப்பலைக் காக்கட்டும். கம்பளிச் சட்டையைக் கழற்றாதே. உன் போன் வரும்வரை நான் அவரைத் தனியே விட்டு இந்த வண்டியிலிருந்து இறங்கமாட்டேன்.

உன் அம்மா
வில்மா